டீச்சருக்குக் கேட்ட தீர்ப்பு

சந்தா முடிந்ததும் பூட்டிக்கொள்ளும் செவிக்கருவிகளைத் திறக்கும் மென்பொருளைப் பலருக்கும் பகிர்ந்ததாக, பியூலா டீச்சர்மீது கருவி நிறுவனம் வழக்குத் தொடுத்திருந்தது. முன்னெச்சரிக்கையாக, அவருடைய கருவியையும் மரியாதையுடன் பூட்டியிருந்தது.

மதுரை நீதிமன்றத்தில் மாண்புமிகு நீதிபதி தீர்ப்பை வாசித்து முடித்தார். டீச்சர் புன்னகையுடன் கைகூப்பினார்.

“ஐயா, எப்ப ஆரம்பிப்பீங்க?”

தீர்ப்பு குற்றவாளியின் செவியில் விழுந்தாக வேண்டும் என்பது சட்டம். கருவியைத் திறக்கத் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்குச் சில மாதங்களாகும் என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் பணிவுடன் வருந்தினார்.

நீதிபதி பெருமூச்சு விட்டார். “அந்த மென்பொருள் யார்கிட்டயாச்சும் இருக்காய்யா?”

டவாலி தயங்கியவாறு கைபேசியை எடுத்தார். தட்டச்சரும் எடுத்தார்.

“என்கிட்ட புது வெர்ஷனே இருக்குங்கய்யா. எங்கப்பாவுக்குப் போட்டது,” என்று முந்திக்கொண்டவர் நிறுவனத்தின் வழக்கறிஞர்தான்.

கருவி உயிர்பெற்றது. நீதிபதி மீண்டும் வாசித்தார்: ஆறு மாதச் சிறை.

“இப்பக் கேட்டுச்சா டீச்சர்?”

“ரொம்பத் தெளிவா இருக்குங்கய்யா. இதுக்குத்தான் எல்லாருக்கும் குடுத்தேன்.”

வழக்கறிஞர் எழுந்து, சட்டவிரோதமாகத் திறக்கப்பட்ட அக்கருவியை உடனே பூட்டுமாறு வேண்டினார். நீதிபதி அவ்வாறே உத்தரவிட்டார். அது டீச்சருக்குக் கேட்டது.

கருவி பூட்டப்பட்டதும் நீதிபதி தாழ்ந்த குரலில், “மன்னிச்சுக்கங்கம்மா,” என்றார். அது கேட்கவில்லை.