ஐந்தாம் நம்பர் காற்று

எட்டடி தள்ளி நின்று அவள் விரலை நீட்டினாள்.

பீரோ மேலிருந்த கிளி தலையைச் சாய்த்துப் பார்த்தது. கொண்டையைத் தூக்கியது.

"வாடா துரை. வந்துரு."

தாவியது.

பறக்கவில்லை. விழுந்தது. பிழியாத துணியைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

எங்கள் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அவள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. எப்போதுமே திறந்துதான் இருக்கும். வேலூர் வெயிலுக்கு என்று சொல்லிக்கொள்வோம்.

முந்தாநாள் ஆறடி பறந்த கிளி. நேற்று ஏழடி. எங்களுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் எதுவும் பறந்ததில்லை.

துரை என்று பெயர் வைத்தது அவள்தான், வெளிநாட்டு ஜாதி என்பதால். பச்சைகூட இல்லை, சாம்பல். மஞ்சள் கொண்டை. கன்னத்தில் யாரோ குங்குமத்தைக் குழைத்துத் தடவிவிட்ட மாதிரி ஒரு வட்டம். வெளியே விட்டால் பிழைக்காதாம். பெங்களூருக்கு மாற்றலாகிப் போனவர்கள் அட்டைப்பெட்டியில் போட்டு இவளிடம் தள்ளிவிட்டார்கள். இறக்கை இரண்டையும் ஒட்ட வெட்டியிருந்தது.

வந்த புதிதில் கையைக் கண்டால் சீறும். ஆளைக் கண்டால் இல்லை. கையை மட்டும்.

அதற்கு இவள் பட்ட பாடு இருக்கிறதே, பிள்ளை பெற்ற நாங்கள்கூடப் பட்டதில்லை. முதல் மாதம் பக்கத்தில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உள்ளங்கையில் தினை. அப்புறம் ஒரு விரல். அது ஒரு காலைத் தூக்கி அவள் விரலில் வைத்த அன்று எங்களுக்கெல்லாம் கேசரி வந்தது. சர்க்கரை கொஞ்சம் கம்மி.

இறகு புதிதாக முளைத்தது.

அன்றோடு அந்த ஹாலில் ஃபேன் நின்றது. பறக்கிற பிராணி, அடிபட்டுவிடுமாம். கத்திரி வெயில் முழுக்க ஓடவில்லை. போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் ஜாக்கெட் நனைந்துவிடும். ஆனாலும் போவோம்.

அவள் துரையைத் தரையிலிருந்து எடுத்தாள். இறக்கையை விரித்தாள்.

ஐந்து இறகுகள் பாதியில் நின்றன.

மறுபக்கமும் ஐந்து.

உதிர்ந்ததல்ல. உதிர்கிற இறகு இவ்வளவு நேராக உதிராது.

அவள் வீட்டுக்காரன் குணாளன் நாற்காலியில் போனோடு இருந்தான். அவள் கிளியைப் பீரோ மேல் வைத்தபோதும் அங்கேதான் இருந்தான். விரலை நீட்டியபோதும்.

அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் முடித்துவிட்டான். கத்தரிக்கோல் எங்கள் வீட்டுடையது. எதற்கென்று கேட்காமல் கொடுக்கிற குடும்பமா இது? கேட்டோம். "ஆம்பூர்லேர்ந்து அக்கா வருது, கைக்குழந்தையோட. ஃபேன் இல்லாம எப்படிக்கா?" என்றான். நியாயம்தான் என்றோம். முடி மாதிரி, தானே வளர்ந்துவிடும் என்றும் சொன்னதாக ஞாபகம்.

"துரைய யாருங்க பிடிச்சுக்கிட்டது?" என்றாள்.

குரல் உயரவில்லை. எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"யாரு பிடிக்கணும்? விரல நீட்டுனேன். தானா வந்து ஏறிக்கிச்சு. வெட்டுற வரைக்கும் பேசாம உக்காந்திருந்துச்சு. நல்லாப் பழக்கியிருக்க."

பாராட்டுகிறானாம்.

துரை இருந்த கையை அவள் மார்போடு இழுத்துக்கொண்டாள். துரை அந்தக் கையோடு சேர்ந்து ஆடியது. பிடியை விடவில்லை.

குணாளன் எழுந்தான். ஃபேனைப் போட்டான். ஐந்தில் வைத்தான்.

தூசி உதிர்ந்தது. காலண்டர் படபடத்தது. எங்கள் வாசல் வரைக்கும் காற்று வந்தது. குறை சொல்லக் கூடாது, நல்ல காற்று.

பிறகு குணாளன் விரலை நீட்டினான்.

துரை அவளைப் பார்த்தது. அந்த விரலைப் பார்த்தது. அவள் கையிலிருந்து இறங்கி அதில் ஏறிக்கொண்டது.

"பாரு. அதுக்கே கோவம் இல்ல. உனக்கு என்ன வந்துச்சு?"

அப்போதுதான் கத்தினாள். கீழ்வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள்.

"கடிடா! கடிச்சுத் தொலைடா!"

துரை தலையைத் தாழ்த்தியது. சொறிந்துவிடச் சொல்லிக் கழுத்தைக் காட்டியது. குணாளனிடம்.

சொறிந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். குழந்தை நன்றாகத் தூங்கியது.

அதற்குள் இவள் பஜாருக்குப் போய் ஒரு கூண்டு வாங்கி வந்திருந்தாள். எங்களில் யாராவது கூண்டு என்று ஆரம்பித்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். பெரிசாகத்தான் வாங்கியிருக்கிறாள். கதவுக்கு ஒரு பூட்டு. சாவி தாலிச் சரட்டு ஊக்கில் தொங்குகிறது. குணாளன் கேட்டதற்கு ஒரே ஒரு சாவிதான் என்றாளாம்.

பழக்கமில்லாத கூண்டுக்குள் எப்படிப் போகும், சிறகடிக்கும், சீறும், கொஞ்சம் ரகளையாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தோம்.

ஒன்றுமில்லை.

விரலை நீட்டினாள். ஏறியது. கையை உள்ளே கொண்டுபோய்க் கம்பியருகில் சாய்த்தாள். இறங்கிக்கொண்டது.

கையை வெளியே எடுக்கத்தான் அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று.