மேலே ஒருவர், கீழே ஒருவர்

“சத்தியமாச் சொல்றேன் கொத்தனாரே, இதுல ஒரு எழுத்து பொய்யில்ல. ஒழுகுது!”

நூலகர் அண்ணாந்து பார்த்துக் கத்தினார். அவர் தலைக்கு மேலே கூரை எலும்பு போலக் காய்ந்து கிடந்தது.

“எந்த இடத்துலய்யா?” மொட்டை மாடியிலிருந்து கொத்தனாரின் குரல் ஜன்னல் வழியாக இறங்கி வந்தது.

“பீரோவுக்கு நேர் மேல!”

“நேத்து அடுப்படியிலதானே ஒழுகுச்சு?”

“இன்னிக்கு இங்க வந்துடுச்சு.”

“துணி மாத்த வந்திருக்கும்,” என்றார் கொத்தனார், சிரிக்காமல்.

கூரை ஒழுக்கைக் கண்டுபிடிப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மாடித் தொட்டியில் தண்ணீர் மொண்டு இடம் இடமாக ஊற்ற வேண்டும். இன்னொருவர் கீழே நின்று, எங்கே சொட்டுகிறது என்று சொல்ல வேண்டும். தனி ஆளால் நடக்காது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு நூலகர் வீட்டில் இப்படித் தனி ஆளால் ஆகாத காரியங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. போர்வை மடிப்பது, சண்டை போடுவது, இரண்டாவது டம்ளரை அழுக்காக்குவது.

உண்மையான ஒழுக்கு கட்டிலுக்கு மேலே ஒரே ஒரு விரிசலில்தான் இருந்தது. முதல் நாளே கொத்தனார் அதைக் கீறி, கலவை வைத்து இழைத்து அடைத்துவிட்டார். மறுநாள் வந்து மேலே ஏறி, “ஊத்துறேன்யா! ஒழுகுதா?” என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூலியை வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

நாற்பது வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து, வாய் திறந்தவனை எல்லாம் “உஷ்!” என்று அடக்கியவர் நூலகர். இப்போது அடக்குவதற்குக்கூட வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. குழாய் சொட்டினால் எழுந்து போய்த் துணைக்கு நிற்பார். அன்று அவரைக் கேட்காமலே அவர் நாக்கு முந்திக்கொண்டது: “ஒழுகுது!”

இன்று பதினெட்டாம் நாள்.

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல். காலையில் எழுந்ததும் நூலகர் ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் தெளித்துவைப்பார். பத்தாம் நாள் கை தாராளமாகிக் கூடத்தில் குளமே கட்டிவிட்டது. கொத்தனார் இறங்கி வந்து பார்த்தார். மேலே காய்ந்த கூரை, கீழே கணுக்கால் தண்ணீர்.

“சில ஒழுக்கு அப்படித்தான்யா,” என்றார், முப்பது வருஷ அனுபவத்தை எல்லாம் குரலில் கூட்டி. “கூரையைத் தொடாது. நேரா தரைக்கு வந்துடும்.”

இவ்வளவு அப்பாவியா ஒரு மனுஷன் என்று நூலகருக்கு இரக்கமே வந்துவிட்டது. அதற்காக மறுநாள் பொய் சொல்லாமல் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கொத்தனார் ஒரு பைசா வாங்கவில்லை. நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். “ஒழுக்கு நிக்காம கூலி வாங்கினா கை விளங்காதுய்யா. எங்க தொழில் வழக்கம்.”

இன்று காலை அந்த உறுத்தல் முள்ளாகிவிட்டது. இரும்பு ஏணியில் ஏறும்போது கொத்தனாரின் கால் வழுக்கி, முழங்கை தோல் உரிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. நூலகருக்கு உயிரே போய்விட்டது.

“இன்னிக்குப் போதும், வீட்டுக்குப் போங்க. நம்பர் குடுங்க, உங்க வீட்டுக்கு நான் பேசிச் சொல்றேன்.”

“யாருகிட்டய்யா பேசுவீங்க? பூட்டுகிட்டயா?” என்று சிரித்துவிட்டு, கொத்தனார் மறுபடி ஏணியில் காலை வைத்தார்.

பீரோவை நனைத்து முடித்த ஒழுக்கைத் துரத்திக்கொண்டு இப்போது அவர் அடுத்த மூலைக்கு நகர்ந்திருந்தார். மேலே ‘டங்’ என்று வாளிச் சத்தம் கேட்டது.

“ஊத்துறேன்யா! இப்போ?”

நூலகரின் கண் ஜன்னல் வழியே இரும்பு ஏணியில் போய் நின்றது. இந்த மனிதர் ஒரு நாள் ஏணியிலிருந்து விழுந்து வைத்தால்? நாம் பேச ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக அவர் முதுகு முறிய வேண்டுமா? உண்மையைச் சொன்னால் நாளை முதல் இந்த வீட்டில் சுவர்க் கடிகாரம்தான் பேசும். சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

“ஒழுகல கொத்தனாரே!”

“என்னது?”

“ஒழுகலன்னு சொல்றேன்! முதல் நாளே நின்னுபோச்சு. நான்தான் பொய் சொல்லிச் சொல்லி உங்களை ஏறவச்சேன். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம செஞ்சுட்டேன். மன்னிச்சுடுங்க. இறங்கி வந்து கூலியை வாங்கிட்டு, என்னைத் திட்டணும்னா நல்லாத் திட்டிட்டுப் போங்க!”

நூலகர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திட்டுக்காகக் காத்திருந்தார்.

“அவசரப்படாதீங்கய்யா,” என்று கடைசியில் குரல் வந்தது. “தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், ஒழுகும். இன்னும் ரெண்டு வாளி ஊத்துறேன், நல்லாப் பாருங்க. இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வந்து ஊத்துறேன்.”

சொல்லிவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் வசதியாக நகர்ந்து உட்கார்ந்து, அதன் விலாவில் கொத்துக்கரண்டியால் ‘டங்’ என்று ஒரு தட்டுத் தட்டினார் கொத்தனார். முதல் நாள் கலவை குழைத்ததோடு சரி. அதற்குப் பிறகு அந்த வாளி ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்ததில்லை.