திரை இருண்டபோது

“அடுத்தது,” என்றார் பேராசிரியர், திரும்பிப் பார்க்காமல்.

அவள் அம்புக்குறி விசையைத் தட்டினாள். திரையில் அடுத்த படம் வந்தது.

மேடையின் ஓரத்தில் சிறிய மேசை. அதன்மேல் மடிக்கணினி. அதன் முன்னால் அவள். அவர் மைக்கின் முன் நின்று, திரையில் இருந்ததை வாசித்துக்கொண்டிருந்தார்.

ராமநாதபுரத்துக் கடலுக்கடியில் மூச்சடக்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வு. இரண்டு கோடைகாலம் அவர்களோடு படகில் போனாள். அவர்கள் வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே படுத்தாள். கடைசியில் கடலிலும் இறங்கினாள்.

அவளுடைய நெறியாளர் அவர். ஒருநாள்கூட அந்தக் கரைக்கு வந்ததில்லை.

காலையில் காரில் கருத்தரங்குக்கு வரும்போது மடிக்கணினியை வாங்கி, முதல் ஸ்லைடிலிருந்து அவள் பெயரை அழித்தார்.

“பெரிய ஆளுங்க வர்ற இடம்மா. ஒரே பேரா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும். தப்பா எடுத்துக்காத.”

அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு முனைவர் பட்டம்.

“அடுத்தது.”

இரண்டு கைகள். விரல் விரலாகத் துணி சுற்றியிருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே அவள் எதுவும் எழுதியிருக்கவில்லை.

“நான் அந்தக் கரையில தங்கியிருந்தப்ப எடுத்தது,” என்றார் அவர்.

அவள் விரல் அம்புக்குறியை விட்டு நகர்ந்தது.

ஆங்கில ‘B’ எழுத்து. ஸ்லைடு ஓடும்போது அதைத் தட்டினால் திரை முழுக்கக் கறுத்துவிடும். இன்னொரு தட்டு, படம் திரும்ப வரும். வகுப்பெடுக்கும்போது பழகியது.

தட்டினாள்.

அரங்கில் சலசலப்பு.

“என்னம்மா ஆச்சு?”

“தெரியல சார்.”

குனிந்து எதையோ தேடுவதுபோல விசைகளைப் பார்த்தாள்.

தலைமை வகித்த அம்மையார் தன் மைக்கை இழுத்தார். “பரவாயில்ல சார். அது வர்றதுக்குள்ள நீங்க பேசுங்க. அவங்க ஏன் கையில துணி சுத்தியிருக்காங்க?”

அவர் திரையைப் பார்த்தார். வாசிக்க ஒன்றுமில்லை. தண்ணீர் குடித்தார்.

“கடல்ல குளிர் ஜாஸ்தி. அதுக்காகத்தான்.”

“ராமநாதபுரத்துக் கடல்லயா சார்?” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

இதுவே போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். போதவில்லை.

அவர் காது மடல்கள் சிவந்திருந்தன. ஆனாலும் புன்னகைத்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“பெனிட்டா, நீ சொல்லும்மா.”

அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அவள் பெயர் அந்த அரங்கில் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டது. அவர் வாயிலிருந்தே.

துணி சுற்றாமல் கடலில் இறங்கிய நாளில் பாறை கிழித்த கோடுகள் அவள் விரல்களில் இன்னும் இருந்தன. எழுந்து சொல்லலாம். ‘என் மாணவி’ என்று அவர் பெருமையாகக் கைகாட்டுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். கையெழுத்தும் கிடைத்துவிடும்.

“உங்க ஆய்வு சார்,” என்றாள். “நீங்களே சொல்லுங்க.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். அவளைப் பார்த்தார். பிறகு அவரை.

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இனி வரப்போகிற வருடங்கள் அந்தப் பார்வையில் இருந்தன.

விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.