பேனா கேட்டவன்

“யாருகிட்டயாச்சும் பேனா இருக்கா?”

ரோட்டோரத்து லாலான் புல்லில், புருஷன் சின்னையாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மங்களம் நிமிர்ந்து பார்த்தாள். கேட்டவன் அர்ச்சுனன். சுங்கை சிப்புட்டில் ‘நம்பர் அர்ச்சுனன்’ என்றால்தான் தெரியும்.

எங்கே வண்டி விழுந்தாலும் அதன் நம்பரைக் குறித்துக்கொண்டு போய் நாலு நம்பர் லாட்டரிக் கடையில் பணம் கட்டுவது அந்த வட்டாரத்துப் பழக்கம். விழுந்தவனை விட்டுப் போன அதிர்ஷ்டம் நம்பரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஒரு நம்பிக்கை. மற்றவர்கள் மறைவாகச் செய்வதை அர்ச்சுனன் பகிரங்கமாகச் செய்வான். கல்யாணத்துக்குப் போனாலும் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பெண் வந்த காரின் நம்பரைப் பார்க்கிறவன்.

மங்களத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஏதோ இடித்தது. கண் திறந்தபோது சிவப்பு ஹோண்டா ஒரு பக்கம், சின்னையா ஒரு பக்கம். அவன் வலது கால் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

“சம்பள நாளில்ல. சம்சு வேலையக் காட்டிருச்சு லா,” என்றது ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சின்னையா சாராயத்தைத் தொட்டதே இல்லை. மங்களம் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மரப்பட்டறையில் லோரி ஓட்டுகிறவன் அவன். குடித்துவிட்டு விழுந்தான் என்று முதலாளி தவுக்கே நம்பிவிட்டால், கால் சரியானாலும் வேலை இருக்காது.

இந்த நேரத்தில் ஒருவனுக்குப் பேனா வேண்டியிருக்கிறது.

தகவல் கேட்டு ஓடிவந்த அவள் அண்ணன் ஐயாவுவின் சட்டைப் பையில் ஒரு பேனா இருந்தது. அர்ச்சுனன் அதைக் காட்டிக் கை நீட்டினான். ஐயாவு பையைப் பொத்திக்கொண்டார்.

“ஒரு மனுசன் காலு ஒடஞ்சு கெடக்கான். ஒனக்கு நம்பரு கேக்குதா?”

அர்ச்சுனன் பதில் பேசவில்லை. உதடு மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மங்களத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீயெல்லாம் நல்லா இருப்பியாடா?” என்றாள்.

அதற்கும் அவன் வாய் திறக்கவில்லை. முணுமுணுத்தபடியே சைக்கிளில் ஏறி டவுன் பக்கம் போய்விட்டான். ரோஷம்கூட இல்லை பார் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

ஆம்புலன்சில் மங்களம்தான் கூடப் போனாள். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அண்ணன் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தார். பஸ் கிடைக்கவில்லையாம்.

காலுக்குக் கட்டுப் போட்டார்கள். சம்சு கதை மரப்பட்டறைக்குப் போய்விட்டது. தவுக்கே ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார். போலீஸ் என்ன சொல்கிறது என்று தெரியட்டும், பிறகு பேசலாம் என்று போய்விட்டார்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மங்களம் அர்ச்சுனன் பேனா கேட்டதைச் சொன்னாள். அவள் விட்ட இடத்தை ஐயாவு எடுத்துக் கொடுத்தார். அவனைத் திட்டுவதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

அடுத்த வாரம் அவளே போலீஸ் பாலாய்க்குப் போனாள். புருஷன் குடிக்கிற ஆள் இல்லை என்று எந்தச் சாமிமேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயாராகத்தான் போனாள். அங்கே இருந்த கார்ப்பரல் டொமினிக் அவளைப் பேசவிடவில்லை.

“சத்தியமெல்லாம் எதுக்கும்மா? இடிச்ச காரு அம்புட்டிருச்சு. முன் பக்கம் நசுங்கி, ஒங்க மோட்டார் பெயிண்டு ஒட்டியிருக்கு. இடிச்சவனும் ஒத்துக்கிட்டான்.”

மங்களம் மேசையருகே போனாள். நிறுத்தாமல் போன காரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டாள்.

“அன்னிக்கே ஒருத்தன் சைக்கிள்ல வந்தான். என்ன வேணும்னு கேக்குறேன், வாயவே தொறக்கல. எம் மேசையில இருந்த பென்சிலப் புடுங்கி ஒரு நம்பர எழுதுனான். எழுதி முடிச்சப்புறந்தான் மூச்சு விட்டான். நடுவுல யாருக்காச்சும் பதில் சொன்னா நம்பரு மறந்துரும்னு பயமாம்.”

மங்களம் அந்தச் சாயங்காலத்தை மறுபடி நினைத்துப் பார்த்தாள். பேனா கேட்ட நேரம் முழுக்க அர்ச்சுனன் விழுந்து கிடந்த ஹோண்டாவைத் திரும்பியே பார்க்கவில்லை. கார் போன ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவள் கண் முன்னால்தான் நடந்தது.

மார்க்கெட் பக்கத்துக் காப்பிக் கடையில் அவனைக் கண்டுபிடித்தாள்.

“அன்னிக்கு வாய்க்கு வந்ததப் பேசிட்டேண்ணே.”

“பரவால்லக்கா. நானும் பதிலுக்கு நாலு வார்த்த கேட்டிருப்பேன். கேட்டிருந்தா நம்பரு போயிருக்கும்.”

தவுக்கே மறுபடி வந்ததையும், வேலை இருக்கிறது என்று சொன்னதையும் மங்களம் சொன்னாள். இவனுக்குப் பதிலுக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“எங்க மோட்டார் நம்பரச் சொல்லவா? கட்டிப் பாக்குறீங்களா?”

அர்ச்சுனன் காப்பிக் கிளாசைக் கீழே வைத்தான்.

“அது கெடைக்காதுக்கா. அன்னிக்கே ஆளாளுக்குக் கட்டிட்டாங்க. இனி அந்த நம்பர எடுக்க மாட்டேன்னுட்டாரு கடைக்காரரு.”

“அன்னிக்கேவா?”

“ஆமா. ஈப்போ பஸ்சு ஏறப் போறப்ப, வழியில கடைக்குள்ள பூந்து மொத ஆளாக் கட்டுனது ஒங்க அண்ணந்தான்.”