ரஞ்சனாவுக்கு யார் இருக்கிறார்கள்

ஆஸ்பத்திரி ஜன்னலில் பிற்பகல் வெயில் சாய்கிறது. கம்பியில் தொங்கும் பையிலிருந்து மஞ்சள் நிறப் பிளேட்லெட் ரஞ்சனாவின் கைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. தெலுங்கு ஊரான மாதாப்பூரில் வேலை பார்ப்பவளுக்கு டெங்கு. அவள் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து ஈரோட்டு வீட்டில் யாரும் அவள் போனை எடுப்பதில்லை. பக்கத்தில் ஜெபசீலி உட்கார்ந்திருக்கிறாள். காலையில் பிளேட்லெட் கொடுத்த கையில் பிளாஸ்திரி. தார்நாகா தமிழ்க் கிறிஸ்தவ சபையில் மூன்று ஞாயிறு பார்த்த பழக்கம்தான். "எதுக்குங்க எனக்காக இவ்வளவு?" என்கிறாள் ரஞ்சனா. "நமக்காக ஒருத்தர் உசுரையே கொடுத்திருக்காரு பிள்ள. நான் ரெண்டு மணி நேரம் படுத்துக் கெடந்தேன், அவ்வளவுதான்." கதவருகே நர்ஸ், "ரஞ்சனா ஃபேமிலி எவரு?" என்று தெலுங்கில் கேட்கிறாள். ஜெபசீலி எழத் தயங்குகிறாள். ஊசி ஏறாத கையால் ரஞ்சனா அவள் முந்தானையைப் பற்றிக்கொள்கிறாள். "இவங்கதான்," என்கிறாள். "எங்க அக்கா."