நான் ஓட்டினால் கொதிக்காத வண்டி

சயான் சர்க்கிள் டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் திருட்டுப்பயல் மாதிரி ஒளிந்து நின்றேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணி. மரியசூசையின் ஃபியட் டாக்ஸி இந்த வழியாகத்தான் தாராவியில் என் பட்டறைக்கு வர வேண்டும். மறுபடியும் கொதித்துவிட்டது என்று காலையிலேயே ஆள் விட்டிருந்தான். இது நாலாவது தடவை.

அவன் எப்படித்தான் ஓட்டுகிறான் என்று என் கண்ணால் பார்த்துவிடுவது என்று வந்திருந்தேன். என்ஜினில் பார்ப்பதற்கு இனி ஒன்றும் பாக்கியில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த வண்டிக்குச் சிலிண்டர் ஹெட் மாற்றினேன். செம்பூரில் ஒரு பெரிய பட்டறை மிஸ்திரி, பங்கார் கடையில் பழைய இரும்பாக எடைக்குப் போடு என்று கைவிரித்த வண்டி அது. குர்லாவில் நாலு நாள் நாயாய் அலைந்து, நசுங்கிக் கிடந்த இன்னொரு ஃபியட்டின் ஹெட்டைக் கழற்றிக்கொண்டுவந்து பொருத்தினேன். சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்ட பிறகு நான் தனியாகச் செய்த முதல் ஹெட் வேலை.

என்ஜின் பிடித்ததும் மரியசூசை கரி அப்பிய என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுநாளே தாதர் பாலத்தில் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. சவாரி வந்தவர் வைதுகொண்டே இறங்கிப் போனாராம்.

கொண்டுவந்தான். ஹெட் நட்டுகளை வரிசைப்படி மறுபடி முறுக்கினேன். மறுபடி கொதித்தது.

ஹெட்டையே தூக்கி, கேஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தண்ணீர் ஓட்டையெல்லாம் நேருக்கு நேர் இருந்தது. ஆயிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை. ரேடியேட்டரில் குமிழி வரவில்லை. பம்பு சுற்றியது. சூடேறினால் தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்று வீட்டு ரசச்சட்டியில் போட்டுக் கொதிக்கவைத்துப் பார்த்தேன். ஒழுங்காகத் திறந்தது. என் பெண்டாட்டி பேராச்சி திறந்த வாய்தான் அரைநாள் மூடவில்லை.

கூத்து என்னவென்றால், நான் ஓட்டினால் அது கொதிக்காது. மாஹிம் போய் வந்தேன், பாந்திரா போய் வந்தேன். அசல் புது மாப்பிள்ளை மாதிரி சாதுவாக வந்தது. அவன் தனியாகக் கொண்டுபோனால் மாட்டுங்கா தாண்டுவதற்குள் பொங்கிவிடும்.

அவனாவது என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் மனசு ஆறியிருக்கும். ஒரு குறை சொல்லமாட்டான். அண்ணாச்சி பாத்துக்கிடுவாங்க என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இந்தத் தடவையும் காரணம் கிடைக்காவிட்டால் கொட்டகையைப் பிரித்துவிடுவேன், அம்பர்நாத்தில் மச்சினன் சொன்ன ஃபேக்டரி வேலைக்குப் போய்விடுவேன் என்று பேராச்சியிடம் சொல்லியாயிற்று. ஒரு ஹெட்டை ஒழுங்காக உட்காரவைக்கத் தெரியாதவன் இன்னொருத்தன் பிழைப்பில் கைவைக்கக் கூடாது.

டாக்ஸி வந்தது. அவன் கண்ணில் பட்டுவிடப்போகிறேனே என்று தட்டிக்குள் தலையை இழுத்துக்கொண்டேன். தாண்டியதும் எட்டிப் பார்த்தேன். பையன் பதவிசாகத்தான் ஓட்டினான். ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை.

ஆனால் என் பட்டறைக்குத் திரும்பும் முக்குக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டான்.

இறங்கி முன்பக்கம் போய்க் குத்தவைத்தான். எதையோ கட்டியிருந்த கம்பியை முறுக்கி அவிழ்த்தான். ஒரு தகரப் பலகை. தோளில் கிடந்த துண்டால் அதைச் சுற்றி எடுத்துவந்து டிக்கியைத் திறந்தவன், பின்னாலேயே ஓடிவந்து நின்ற என்னைப் பார்த்துவிட்டான். முகம் செத்துப்போயிற்று.

துண்டோடு சேர்த்துப் பலகையைப் பிடுங்கி வண்டிக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். போன வருஷம் யுத்த நேரத்தில் வெளிச்சம் மேலே தெரியாமலிருக்க ஹெட்லைட்டுக்கு அடித்த கறுப்பு மைகூட இன்னும் போகவில்லை. அந்த இரண்டு விளக்குக்கும் நடுவில் கிரில்லை அப்படியே மூடியது பலகை. விரல் நுழைய இடமில்லை.

ஓடுகிறபோது முன்னாலிருந்து வரும் காற்றுதான் ரேடியேட்டரை ஆறவைக்கும். பாவிப்பயல் அந்தக் காற்றை உள்ளே விடாமல் ஊரெல்லாம் ஓட்டியிருக்கிறான். என்னிடம் வரும்போது மட்டும் கழற்றி ஒளித்துவைத்திருக்கிறான். பிறகு நான் ஓட்டினால் எப்படிக் கொதிக்கும்?

ஹெட் சரி. கேஸ்கட் சரி. என் கை சரி!

நடுரோட்டில் நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு என்ன வெட்கம்.

சாமி படம் போட்ட பலகையாகத்தான் இருக்கும். ஏன் ஒளித்தான் என்பதும் விளங்கிவிட்டது. என் வாய் அப்படி. எலுமிச்சம்பழமும் மாதா படமும் கட்டிக்கொண்டு வருகிற டாக்ஸிக்காரர்களிடம், ரேடியேட்டருக்கு உங்க சாமியாடே வந்து தண்ணி ஊத்துது என்று கேட்கிற ஆள் நான்.

அப்போதும் விடவில்லை. மூன்று வாரமாக என்ஜினுக்கு மூச்சுமுட்ட வைத்தது உன் சாமிதான், கொண்டுபோய் டிக்கி மேலே மாட்டித் தொலை என்று கத்தினேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பின்னால மாட்டுனா மரியாதையா இருக்காதே, அண்ணாச்சி."

அப்படிப்பட்ட மரியாதைக்காரர் யார் என்று பார்க்கத் துண்டை உருவினேன்.

படம் ஏதும் இல்லை. மஞ்சள் பெயிண்டில் ஒரே ஒரு வரி. தமிழ் தெரியாத எவனோ பார்த்து வரைந்த கோணல் எழுத்து. எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன்.

'பூலோகம் மிஸ்திரி துணை.'

தாராவியில் அந்தப் பேரில் என்னை விட்டால் வேறு மிஸ்திரி கிடையாது.