புருவத்தில் வெட்டு உள்ளவன்

“புருவத்துல வெட்டு, காதுல செவப்புக் கல் கடுக்கன். நல்லா பாத்தியாமா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பாத்தேன் சார். அவன்தான் தம்பிய இட்டுக்கினு போனான்.”

காலையில் எங்கள் தெருவில் தறிக்குப் பாவு நீட்டினார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழை. பிடித்த கையை யாரும் விட முடியாது. மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வாசற்படியில் நான் மட்டும்தான்.

நான் சொன்ன அடையாளத்தை வைத்துப் பெரிய காஞ்சிபுரமே மதியம் வரை தேடியது. கோயிலுக்கு வந்த ஒருவரை, கடுக்கன் போட்டிருந்த பாவத்துக்கு அடித்தே விட்டார்கள்.

“இன்னா போட்டுக்கினு இருந்தான்? யோசிச்சி சொல்லு கண்ணு,” என்று அப்பா கெஞ்சினார்.

“கறுப்பு கோட்டுப்பா. வாயில தீக்குச்சி.”

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்தார். “சார், இது கடுக்கன் காளிங்கன் சார்! டிவில மறுபடி போடறாங்களே, அந்தத் துப்பறியும் நாடகத்து வில்லன். எனக்கு அவன்னா உசுரு. அந்த ஆக்டர் செத்தே ரொம்ப வருசம் ஆவுதே!”

யாரும் சிரிக்கவில்லை. அப்பா என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

எனக்கும் காளிங்கன் என்றால் உயிர். வாசற்படியில் உட்கார்ந்து போனில் அவன் வரும் காட்சிகளைத்தான் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்தபோது, ஒரு ஆள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனது நிஜம்.

“திட்டமாட்டேம்மா.” அப்பா போனை வாங்கிக் கீழே வைத்தார். “அந்த ஆளு மூஞ்சிய மட்டும் சொல்லு.”

கண்ணை இறுக்கி மூடினேன். காளிங்கன்தான் வந்தான்.

தம்பி கையைப் பிடித்திருந்தது யார்?